படித்துவிட்டுப் படுக்கவும்

மருத்துவக் காப்பீடு பற்றி எந்த மேடையில் பேச்சு எழுந்தாலும், டை கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்து மிகுந்த வருத்தத்தோடு சொல்வார்: “மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.” முன்வரிசை தலையாட்டும். பிறகு தேநீர் வரும். உங்கள் க்ளைமை மறுத்துவிட்டார்களா? பாலிசியைப் படித்திருக்க வேண்டும். பாதிப் பணம்தான் வந்ததா? நிபந்தனையைக் கவனித்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் ராத்திரிவரை பில் கவுண்டர் வாசலில் உட்காரவைத்தார்களா? நல்லதுதானே, அவ்வளவு நேரமும் விழிப்பாகத்தானே இருந்திருக்கிறீர்கள்.

சரி, தப்பு நம்முடையதுதான். இந்த நாட்டில் எல்லாக் குறைக்கும் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒரே மருந்து நுழைவுத் தேர்வு. மருத்துவம் படிக்க நீட் எழுத வேண்டும்; அந்த மருத்துவரிடம் போய்ப் படுக்க மட்டும் எந்தத் தகுதியும் வேண்டாமாம். எவன் வேண்டுமானாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறான். இந்த ஒழுங்கீனத்துக்கு முடிவு கட்ட ‘நோயாளித் தகுதித் தேர்வு’ ஒன்றை அரசு உடனே அறிவிக்க வேண்டும். நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய பயிற்சி மையத்துக்குக் கட்டடமா கிடைக்காது? அறுபது வயதுக்காரர்களை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, விலக்குப் பிரிவுகளை ஒப்பிக்கச் சொல்லலாம். தேறியவருக்கு மட்டும் நோய்வாய்ப்பட அனுமதி. தேறாதவர் அடுத்த வருஷம் எழுதட்டும். அதுவரை கஷாயம் குடிக்கட்டும்.

முதல் தாள் மொழி. பாடநூல், நாற்பது ஐம்பது பக்கத்துக்கு நீளும் பாலிசி வாசகம், ஆங்கிலத்தில். தாத்தாவும் பேத்தியும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் விளம்பரம் தமிழில் வருகிறது. ஏஜென்ட் நம் ஊர்த் தமிழில்தான் குழைகிறார். பணம் தர மாட்டோம் என்ற கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் வரும். வாங்கும்போது தெரிந்த மொழி, கொடுக்கும்போது மறந்துபோகிறது. பாலிசியின் முக்கிய அம்சங்களைச் சுருக்கி ஒரு ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ தர வேண்டும், கேட்டால் அதை அவரவர் மொழியிலும் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. கேட்டுப் பாருங்கள். “தமிழ்லயா?” என்று திருப்பிக் கேட்கும் தொனியிலேயே உங்களுக்குக் கூச்சம் வந்துவிடும். கூச்சப்படாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தாளில் காத்திருப்புக் காலம் என்று ஒரு பகுதி இருக்கும். பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூலம், கர்ப்பப்பை, மூட்டு மாற்று என்று போகும் ஒரு பட்டியலுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம்வரை. 2024-க்கு முன்பு அது 48 மாதம். ஆகவே கண்ணில் புரை விழ விரும்புவோர் இரண்டு வருஷம் முன்னதாகவே திட்டமிட்டுக்கொள்ளவும்.

இரண்டாம் தாள் கணக்கு. இதில் பி.காம். படித்தவர்களே கோட்டை விடுவார்கள். மாதிரி வினா: உங்களிடம் மூன்று லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு ரூ.3,000. அந்த வாடகையில் அறை காலி இல்லை என்று ரூ.6,000 அறையில் போடுகிறார்கள். நான்கு நாள். கூடுதல் வாடகை ரூ.12,000 கையைக் கடிக்கும், கடிக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள். விடை தவறு, மதிப்பெண் பூஜ்யம். உங்களுக்குத் தகுதியான வாடகை பாதிதான் என்பதால் சர்ஜன் ஃபீஸ் பாதி, மயக்க மருந்து டாக்டருக்குப் பாதி, தியேட்டர் சார்ஜ் பாதி, நர்சிங் சார்ஜ் பாதி. இதெல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் என்றால் ஐம்பதாயிரம் வெட்டு. பன்னிரண்டாயிரம் என்று நினைத்தவர் அறுபத்திரண்டாயிரம் எடுத்து வைக்க வேண்டும். ஏசி ஹாலில் உட்கார்ந்துவிட்டாய், அதனால் இட்லிக்கும் பாதி, வடைக்கும் பாதி, சட்னிக்கும் பாதிதான் தருவேன் என்று சாப்பிட அழைத்துப் போனவன் சொன்னால் அவனோடு பேச்சையே முறித்துக்கொள்வோம். இங்கே அதற்கு ‘விகிதாசாரக் கழிவு’ என்று பெயர் சூட்டி, வருஷா வருஷம் பிரீமியமும் கட்டுகிறோம்.

இதில் ஆஸ்பத்திரியின் பங்கைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதே சர்ஜன், அதே கத்தி, அதே பித்தப்பை. ஆனால் நோயாளி படுத்திருக்கும் அறையில் ஒரு சோபா இருந்தால் கத்தியின் விலை ஏறிவிடுகிறது. “இன்சூரன்ஸ் இருக்கா?” என்பதுதான் ரிசப்ஷனில் விழும் முதல் கேள்வி; எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் பிறகு. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஓர் ஆணையம் இருக்கிறது. ஆஸ்பத்திரி போடும் விலை அந்த ஆணையத்தின் கைக்கு எட்டாது. இரண்டு யானைகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பது நீங்கள்.

ஒரு சங்கதியை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைகள், ஐசியு வாடகை ஆகியவற்றில் இந்த விகிதாசார வெட்டு கூடாது. எல்லா அறைக்கும் ஒரே ஃபீஸ் வாங்கும் ஆஸ்பத்திரியில் வெட்டே கூடாது. ஸ்டென்டில் பாதியை வெட்டியிருந்தால் அது விதிமீறல். எந்தப் பிரிவின்படி வெட்டினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

கணக்குத் தாளுக்குப் பின்னிணைப்பு ஒன்று உண்டு: காசு தரப்படாத 68 பொருள்களின் பட்டியல். கையுறை, முகக்கவசம், டயபர், தெர்மாமீட்டர், நெபுலைசர் கிட், ஜெராக்ஸ். கையுறைக்குக் காசு இல்லை என்றால் டாக்டர் வெறுங்கையைத்தான் வயிற்றுக்குள் விட வேண்டும் போலிருக்கிறது. கவலை வேண்டாம், கூடுதல் பிரீமியம் கட்டி ஒரு ரைடர் வாங்கிக்கொண்டால் கையுறைக்கும் தருவார்கள். ஓட்டையை அடைக்கும் துணியும் அதே கடையில்தான் விற்பனைக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலில் டிவிக்கும் கூரியருக்கும் கொஞ்சம் கீழே இன்னொரு வரி இருக்கிறது: பிணவறைக் கட்டணம். காப்பாற்ற முடியாமல் போன பிறகு ஆகிற குளிரூட்டல் செலவு உங்கள் வீட்டுப் பொறுப்பு.

மூன்றாவது, வாய்மொழித் தேர்வு. இது நடப்பதே தேர்வு எழுதுபவருக்குத் தெரியாது என்பதுதான் இதன் விசேஷம். ராத்திரி இரண்டு மணி. வயிற்று வலியில் சுருண்டு கிடக்கும் அப்பாவை மகன் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். தூக்கக் கண்ணோடு டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைத் திறக்கிறார்.

“அப்பாவுக்கு சுகர் இருக்கா?”

“இருக்குங்க டாக்டர்.”

“எவ்ளோ நாளா?”

“அது... ஒரு பத்து வருஷமா இருக்குங்க.”

அவருக்கு சுகர் கண்டுபிடித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அது அம்மாவுக்குத் தெரியும்; அம்மா வெளியே ஆட்டோக்காரருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறாள். பதற்றத்தில் இருக்கிறவன் வாயில் பத்து என்பதுதான் வரும். டாக்டர் எழுதிவிட்டார். பாலிசி எடுத்து நான்கு வருஷம். பித்தப்பைக் கல்லை எடுத்து, தையல் ஆறுவதற்குள் கடிதம் வந்துவிடுகிறது: பத்து வருஷ சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள், க்ளைம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்து. பித்தப்பைக் கல்லுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அது பாடத்திட்டத்துக்கு வெளியே.

அடமானத்தைப் பற்றி வங்கியில் பேசும்போது எவ்வளவு யோசித்துப் பேசுவோமோ, அவ்வளவு யோசித்துத்தான் நடுராத்திரி கேஷுவாலிட்டியிலும் பேச வேண்டியிருக்கிறது. எத்தனை வருஷம் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்குப் போய்ப் பீரோவில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை வாசியுங்கள். தப்பு இருந்தால் எழுதிய டாக்டரிடமே திருத்தி வாங்குங்கள். பாலிசி வாங்க மனு நிரப்பும் நாளில் இன்னும் பெரிய கண்ணி இருக்கிறது. “சுகர் இருக்கா சார்?” “லேசா இருக்குப்பா.” “லேசாதானே, இல்லைன்னே போட்டுரலாம் சார், பிரீமியம் ஏறிடும். ஓடிபி மட்டும் சொல்லுங்க.” ஓடிபி போன அந்த நொடியில் பொய் சொன்னவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள், கமிஷன் ஏஜென்ட்டுடையதாகிவிடுகிறது. அவர் எத்தனை முறை சொன்னாலும் இருப்பதை இருப்பதாகவே எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்துவிட்ட பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்துவிட்டாய் என்று சொல்லி மறுக்க முடியாது. 2024-க்கு முன்பு இதற்கே எட்டு வருஷம் ஆனது. எத்தனை ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லியிருக்கிறார்?

அடுத்தது செய்முறைத் தேர்வு: டிஸ்சார்ஜ். காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் டாக்டர் முதுகைத் தட்டி, “இன்னிக்கு வீட்டுக்குப் போலாம்” என்கிறார். அம்மா ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கட்டைப் பையில் வைத்துவிடுகிறாள். ஃபைல் பில்லிங்குக்கு இறங்க மதியம் ஆகிறது. நான்கு மணிக்கு இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கும் பெண், நாள் முழுக்க வசவு வாங்கிய களைப்போடு நிமிர்ந்து பார்த்து, “குவெரி போட்டிருக்காங்க சார்” என்கிறாள். என்ன குவெரி? முதன்முதலில் காட்டிய டாக்டரின் சீட்டு வேண்டுமாம். அது ஊரில், தகர டப்பாவில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் இருப்பவரை எழுப்பி, போட்டோ எடுக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பில் வாங்கிக் கொடுத்தால் ஏழு மணிக்கு அடுத்த குவெரி. பத்து மணிக்கு அப்ரூவல் வரும்போது, இன்னொரு நாள் வாடகையும் ஏறியிருக்கும்.

இதற்கும் விதி இருக்கிறது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்தில் தர வேண்டும். தாமதமானால் அதனால் ஏறும் செலவை நிறுவனம் தன் பங்குதாரர் பணத்திலிருந்து கட்ட வேண்டும். 2024 மே 29 தேதியிட்ட சுற்றறிக்கை. படிக்கவே இனிக்கிறது. ஆனால் மூன்று மணி நேரக் கடிகாரம் டாக்டர் முதுகைத் தட்டும்போது ஓடத் தொடங்குவதில்லை. ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய பிறகுதான் ஓடும். ஆகவே பில் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டு, அந்த நேரத்தை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் க்ளைமை உடனே முடித்து, உடலை உடனே விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஓர் ஆணையம் உட்கார்ந்து இப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்ததென்றால், அதற்கு முன்னால் எத்தனை குடும்பங்கள் பிணத்துக்கு அப்ரூவல் வரக் காத்துக் கிடந்திருக்க வேண்டும்? அந்தக் குடும்பங்களிடமும் போய்ச் சொல்வார்களா, விழிப்புணர்வு போதவில்லை என்று?

2023-24-க்கான ஆணையத்தின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் நிறுவனங்கள் கொடுத்தது ரூ.83,493 கோடி. பாலிசி நிபந்தனைப்படி தகாது என்று வெட்டியது சுமார் ரூ.15,100 கோடி. அடியோடு நிராகரித்தது இன்னொரு ரூ.10,937 கோடி. இரண்டும் சேர்ந்தால் ரூ.26,000 கோடிக்கு மேல். அதில் போலி பில் இருக்கும், ஏமாற்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தனையும் ஏமாற்று என்றால் நாடே திருட்டுக் கூட்டம் என்றாகிவிடும். ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அவர் மக்கு. லட்சக்கணக்கான பேருக்குப் புரியவில்லை என்றால் எழுதியவன் மக்கு, அல்லது மகா கெட்டிக்காரன். பிரீமியம் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பது மட்டும் எல்லாருக்கும் பளிச்சென்று புரிகிறதே, அதை எழுதியவர்தானே மற்ற பக்கங்களையும் எழுதினார்?

அரசும் சும்மா இருக்கவில்லை. நோய்க்குப் பயந்து மக்கள் எடுத்துவைத்த பணத்துக்கு 2017 ஜூலை முதல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கியது. 2025 செப்டம்பர் 22-ல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு அதை நீக்கியபோது பண்டிகைப் பரிசு என்று கொண்டாடினார்கள். எட்டு வருஷம் பாக்கெட்டில் இருந்த கையை வெளியே எடுப்பதற்குப் பெயர் பரிசு.

பாலிசி வாங்க வழியில்லாதவருக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீடாகப் பிறந்து, 2012-ல் பெயர் மாறியது. ஆட்சி மாறினால் அட்டையில் படம் மாறும், கிட்னி மட்டும் அதே கிட்னி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம்வரை. இதனால் உயிர் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-ஐத் தாண்டக் கூடாது. நாளைக்கு 600 ரூபாய் வாங்கும் சித்தாள் 200 நாள் வேலை செய்தால் சரியாக ரூ.1,20,000. இருநூற்றோராவது நாள் கலவைச் சட்டியைத் தூக்கினால் அவள் வசதி படைத்தவள். அவள் வீட்டுக்காரர் வேலைக்கே போகக் கூடாது. இப்படி ஒரு வரம்பை வைத்துவிட்டு, வருமானச் சான்றுக்கு வரும் ஒவ்வொருவரையும் பொய்யராக்குகிறோம். அட்டை கையில் இருந்தும் ஆஸ்பத்திரி முன்பணம் கேட்டால், அங்கே இருக்க வேண்டிய காப்பீட்டுத் திட்டத் தொடர்பு அலுவலர் எங்கே என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கே நின்றுகொண்டே 1800 425 3993-ஐக் கூப்பிடுங்கள்.

இதே தமிழ்நாட்டில்தான் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டமும் நடக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; வரம்பு ஒரு லட்சமாக ஆரம்பித்து இப்போது இரண்டு லட்சம். அட்டை கேட்பதில்லை, வருமானம் கேட்பதில்லை, எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. ரத்தம் ஒழுகக் கிடப்பவனிடம் நிபந்தனைகளைப் படித்தாயா என்று கேட்காமலேயே காப்பீடு நடத்த முடியும் என்பதற்கு அரசு முத்திரையோடு அத்தாட்சி. முடியாது என்பவர்கள் முடியாமல் சொல்லவில்லை.

பயிற்சி மையத்தில் கற்றுத்தராத பாடம் ஒன்று மிச்சம் இருக்கிறது: மறுத்துவிட்டால் என்ன செய்வது? மறுப்பை, எந்த நிபந்தனையின்படி என்ற காரணத்தோடு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன்னிஷ்டத்துக்கு மறுக்க முடியாது, மறுபரிசீலனைக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தந்ததா என்று கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் அல்லது 155255-ல் பதிவு செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். நமக்கு அந்த அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. நிறுவனம் கைவிரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்ச ரூபாய்வரையிலான வழக்கை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அவர் தீர்ப்பு சொன்னால், நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். இத்தனை பயனுள்ள முகவரியை அவர்கள் ஒளிக்கவில்லை. பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். தாத்தா–பேத்தி விளம்பரத்தில் சொல்லத்தான் நேரம் போதவில்லை.

தேர்வு முடிந்தது. இனி கற்ற கல்வியைப் பயன்படுத்த வேண்டாமா? அடுத்த முறை பிரீமியம் கேட்டு அறிவிப்பு வரும்போது, இப்படி ஒரு கடிதம் அனுப்பலாம். (பணத்தையும் தேதிக்குள் கட்டிவிடுங்கள். சலுகைக் காலம் 30 நாள் தாண்டினால், கட்டிய வருஷமெல்லாம் கரைந்து காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவர்கள் விளையாட மாட்டார்கள்.)

“ஐயா, தங்கள் பிரீமியக் கோரிக்கை கிடைக்கப்பெற்றோம். பரிசீலனையில் சில விளக்கங்கள் தேவைப்படுவதால் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. தங்கள் நிறுவனத்துக்குப் பேராசை முதன்முதலில் எப்போது கண்டறியப்பட்டது என்பதற்கு மருத்துவச் சான்று அனுப்பவும். பாலிசி விற்கும்போது அதை எங்களிடம் மறைத்தீர்களா என்பதையும் தெளிவுபடுத்தவும். தாங்கள் தகுதிக்கு மீறிய வாடகையில் கண்ணாடிக் கட்டடத்தில் குடியிருப்பதால், பிரீமியம் முழுவதும் விகிதாசாரப்படி பாதியாகக் கழிக்கப்படும். விளம்பர நடிகரின் சம்பளம், புத்தாண்டு டைரி, ரிசார்ட்டில் நடந்த ஆண்டு விழா ஆகியவை செலுத்தத்தகாதவை பட்டியலில் வருகின்றன. மேற்கண்ட ஆவணங்கள் ஏழு நாளுக்குள் வந்து சேராவிட்டால் தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டதாகக் கருதப்படும். இது கணினியில் உருவான கடிதம், கையொப்பம் தேவையில்லை.”